விக் ஊரை நடந்தே படிக்கும் வழி

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், கெய்த்னெஸ் பகுதியில் இருக்கிறது விக். போகிறவர்கள் பெரும்பாலும் உலகத்திலேயே குட்டித் தெருவான எபனீசர் பிளேஸ் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2.06 மீட்டர், ஒரே ஒரு கதவு. சரி, நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊர் வளர்ந்த கதை வேண்டுமென்றால் ஆற்றுப் பாலத்தில் ஆரம்பியுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதில் விக்கைத் தேடி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தில் நின்று கடலைப் பார்த்தால் இடப்பக்கம் பழைய ஊர். 1589இல் அரச நகர உரிமை பெற்றது, தெருக்கள் மனம்போல வளையும். வலப்பக்கம் புல்ட்னிடவுன், அங்கே தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கும். காரணம், அது தானாக வளரவில்லை. 1786இல் தொடங்கிய பிரிட்டிஷ் மீன்பிடிச் சங்கம் நிலம் வாங்கி, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டிடம் திட்டம் கேட்டு, 1800களின் தொடக்கத்தில் துறைமுகத்தோடு சேர்த்துக் கட்டிய ஊர் அது. இரண்டும் ஒரே நகராட்சியானது 1902இல்தான்.

அடுத்து கீழ்ப் புல்ட்னிடவுனுக்குள் நுழையுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். இந்த ஊரைக் கட்டியதே ஹெர்ரிங் மீனுக்காக. ஹெர்ரிங் நம்ம மத்தியின் குடும்பம், எண்ணெய் மீன், பிடித்த ஒரு நாளுக்குள் குடல் எடுத்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்காவிட்டால் வீணாகிவிடும். அதனால்தான் உப்பிடும் முற்றம், பீப்பாய்ப் பட்டறை, கிடங்கு எல்லாம் படகுத்துறையை ஒட்டியே இருந்தன. கட்டடங்களுக்கு நடுவே பெரிய வாசல் வளைவு தெரிந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள், பழைய வரைபடத்தில் அங்கே முற்றம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 1860களில் சீசனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இங்கே குவிந்தன. பிறகு கருப்புப் படிக்கட்டு ஏறுங்கள்: மேலே மேட்டில் குடியிருப்பு, கீழே வேலை. ஊரின் திட்டம் முழுவதும் அந்த ஒரு ஏற்றத்தில் புரிந்துவிடும்.

கடைசியாகக் குடாவின் தென்கரைக்குப் போங்கள், முடிந்தால் வற்றம், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து. விக் என்ற பெயரே பழைய நார்ஸ் மொழியில் குடா என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, அந்தக் குடாதான் இந்த ஊரின் வரமும் தொல்லையும். கிழக்கே வட கடலுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, காற்று அந்தத் திசையில் அடித்தால் தடுக்க எதுவும் இல்லை. 1848 ஆகஸ்டில் புயலடித்தபோது திரும்பி வந்த படகுகள் வற்றத்தில் துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் தவித்தன. அந்தப் புயலில் இந்தக் கடற்கரை நெடுக இறந்த மீனவர்கள் 100 பேர். 1863இல் அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1872இல் அதன் முனையிலிருந்த 1,350 டன் கான்கிரீட் பாளத்தைக் கடல் தூக்கிப் போட்டது. அதற்குப் பதிலாக வைத்த 2,600 டன்னையும் 1877இல் கொண்டுபோனது. அப்புறம் யாரும் விடாப்பிடியாக முயலவில்லை. மிச்சக் கற்கள் வற்றத்தில் தெரியும்.

திரும்பும்போது துறைமுகத்தில் புதுப்பித்த பழைய கட்டடங்களைக் கவனியுங்கள். கடலில் நிற்கும் பீட்ரிஸ் காற்றாலைகளைப் பராமரிக்கிறவர்களின் அலுவலகம் இப்போது அங்கேதான். இதே முறையை உல்லாப்பூலிலும் செய்து பாருங்கள். அதுவும் 1788இல் அதே சங்கம் தொடங்கிய ஊர், ஆனால் மேற்குக் கரையில், உள்ளடங்கிய நீர்ப்பரப்பில்.