டைமிங் பெல்ட் அறுந்த கார்: ஹெட்டை இறக்கும் முன் வால்வைச் சோதிப்பது எப்படி?

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றது, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை, டைமிங் பெல்ட் மேல் சந்தேகம். அப்படியானால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது இந்த பெல்ட்தான். கேம் அசையாமல் கிராங்க் மட்டும் சுற்றினால், மேலே ஏறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் இடிக்கும். இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். டீசல் என்றால் கேட்கவே வேண்டாம். உங்களுடையது இடிக்காத ரகமா என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். அதுவானால் புது பெல்ட் போட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்தது.

இங்கே சொல்வது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு.

1. சத்தம்

ஒரே ஒரு முறை, இரண்டு நொடி செல்ஃப் அடித்துக் கேளுங்கள். நல்ல எஞ்சின் விட்டுவிட்டு முக்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) போன எஞ்சின் தடையில்லாமல் வேகமாக 'வீங்' என்று சுற்றும். ஸ்கேனர் இருந்தால் பி0340 (கேம் சென்சார்) அல்லது பி0016 (கிராங்க், கேம் பொருந்தவில்லை) வந்திருக்கலாம். கோட் வரவில்லை என்பதற்காக பெல்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

2. பெல்ட்

மேல் கவரைக் கழற்றுங்கள். பெல்ட் அறுந்து தொங்கினால் சந்தேகமே இல்லை. என்னை வெகுநேரம் குழப்பியது, மேலே பார்க்கும்போது முழுசாகவும் இறுக்கமாகவும் தெரிந்த பெல்ட்தான். கீழே கிராங்க் பல்சக்கரத்தில் பிடிக்கும் இடத்தில் மட்டும் பற்கள் வரிசையாக உதிர்ந்திருந்தன. எனவே கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில் கையால் சில டிகிரி மட்டும் திருப்புங்கள். கேம் கூடவே நகராவிட்டால் பல் போயிருக்கிறது, அல்லது கிராங்க் பல்சக்கரத்தின் சாவி (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) முறிந்திருக்கிறது. திருப்பும்போது முட்டினால் அழுத்தாதீர்கள்.

3. காற்றுச் சோதனை

பலர் முதலில் புது பெல்ட் மாட்டி, பிறகு கம்ப்ரஷன் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. வால்வு வளைந்திருந்தால் மாட்டிய வேலை முழுவதும் வீண். பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் கசிவைக் காட்டும் லீக் டவுன் டெஸ்டருக்கு பெல்ட்டே தேவையில்லை. ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் கம்ப்ரஷன் கேஜை விட்டுவிட்டு இதை வாங்குங்கள்.

பிளக்குகளைக் கழற்றி, நான்கு துளையிலும் ஒரே நீளமுள்ள பிளாஸ்டிக் ஸ்ட்ரா விடுங்கள். கிராங்கை மெதுவாகத் திருப்பி, நான்கும் ஒரே உயரத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இப்போது எந்த பிஸ்டனும் உச்சியில் இல்லை. கேமை அச்சமின்றித் திருப்பலாம். ஸ்ட்ராக்களை எடுத்துவிட்டு, சோதிக்கும் சிலிண்டரின் கேம் மேடுகள் எல்லாம் வால்வை அழுத்தாமல் விலகி நிற்கும்படி வையுங்கள்.

காற்றைத் திறக்கும் முன் கிராங்க் நகராதபடி பூட்ட வேண்டும். 75 மில்லிமீட்டர் சிலிண்டரில் 6 பார் அழுத்தக் காற்று பிஸ்டனை 250 கிலோவுக்கு மேல் தள்ளும். அந்த பிஸ்டன் கீழே போனால் வேறு இரண்டு மேலே ஏறி, நல்ல வால்வையும் வளைத்துவிடும். மேனுவல் கார் என்றால் டாப் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு அடைப்பு. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள், சுழன்று கையை உடைக்கும். நான் 2 பாரில்தான் தொடங்குவேன். வளைந்த வால்வு அதற்கே சீறும்.

த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடி வழியாக லேசாக வருவது ரிங் கசிவு, பழைய எஞ்சினில் சகஜம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஒரு வால்வு வளைந்தது உறுதியானாலே, வால்வுகள் இருக்கும் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

எல்லாம் தேறினால் புது பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க், கேம் சக்கரங்களின் டைமிங் குறிகள் மறுபடி சேர்கின்றனவா பாருங்கள். பெல்ட் மாட்டும் முன் வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) மூன்றையும் விரலால் சுற்றிப் பாருங்கள். இறுகிய பேரிங்தான் பெல்ட்டைத் தின்றிருக்கலாம்.

பின்சேர்க்கை: மற்ற எல்லா சிலிண்டரும் தேறி, ஒன்றில் மட்டும் லேசாகச் சீறுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வால்வின் இருக்கையில் கரித்துணுக்கு மாட்டியிருக்கலாம். காற்றை மூடிவிட்டு, கேமைத் திருப்பி அந்த வால்வைப் பலமுறை திறந்து மூடிவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்படியும் சீறினால் அது கரி இல்லை.