ரெய்ஷி காளான் சாறு: ஆல்கஹால் முதலில், வெந்நீர் பிறகு

ரெய்ஷியில் ஆய்வாளர்கள் தேடுவது இரண்டு வகைச் சேர்மங்களை. கசப்பைத் தரும் ட்ரைடெர்பீன்கள் என்ற சேர்மங்கள் ஆல்கஹாலில் கரையும். பீட்டா குளுக்கான் முதலிய பாலிசாக்கரைடுகள் (சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகள்) வெந்நீரில்தான் இறங்கும். எடுத்த எடுப்பிலேயே தண்ணீரில் கொதிக்கவைத்தால் கசப்பில் ஒரு பங்கு அதிலும் கலந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. அதனால்தான் இந்த வரிசை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு முழுக் காளானை உலர்த்தி, எண்ணிட்டுப் பத்திரப்படுத்துங்கள். 'கனோடெர்மா லூசிடம்' என்ற பெயரில் புழங்கிய கிழக்காசிய ரெய்ஷிக்கு 2012-இல் 'கனோடெர்மா லிங்ஜி' என்று தனிப்பெயர் வைத்தார்கள். இனம் எதுவென்று பின்னால் கேள்வி வந்தால் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

45 டிகிரி செல்சியஸில், எடை குறைவது நிற்கும் வரை காயவையுங்கள். மெல்லிய கீற்றுகளாக நறுக்கி அரைத்தால் மாவு வராது, பஞ்சுதான் வரும். இந்தப் பஞ்சு கரைப்பானை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செடி இலைத் தூளுக்குப் போதுமான பத்து மடங்குக் கரைப்பான் இங்கே நனைக்கவே சரியாக இருக்கும். 20 கிராமுக்கு 400 மி.லி. 95% எத்தனால் ஊற்றி, ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப இறக்கும் கண்டென்சர் பொருத்தி, ஹீட்டிங் மேன்டிலில் (குடுவையைச் சூடாக்கும் மின்கருவி) 2 மணி நேரம் கொதிக்க விடுங்கள். பக்கத்தில் தீச்சுடர் கூடாது. வடிகட்டும்போது சக்கையை நன்றாகப் பிழியுங்கள். இதையே இன்னொரு முறை செய்து, இரண்டு வடிநீரையும் சேர்த்து, வெற்றிடத்தில் 40 டிகிரியில் வற்றவையுங்கள்.

எத்தனாலைவிட மெத்தனால் மலிவு, வேகமும் கூட. ஆனால் ரெய்ஷியின் ட்ரைடெர்பீன்களில் பல அமிலங்கள். சூடும் அமிலமும் சேர்ந்தால் அவை மெத்தனாலுடன் வினைபுரிந்து மெத்தில் எஸ்டர் என்ற வேறு சேர்மமாக மாறலாம். காளானில் இல்லாத ஒன்றைப் புதுச் சேர்மம் என்று எழுதிவிடுவோம். பிளாஸ்டிக் குழாய், மூடிகளிலிருந்து கரைந்து வரும் தாலேட்டுகளும் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள்) இப்படித்தான் ஏமாற்றும். காளான் போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் இதே படிகளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் தாலேட்டுச் சந்தேகம் தீரும்.

சக்கையைப் பரப்பி, ஆல்கஹால் வாசனை போகும்வரை உலரவிடுங்கள். பிறகு 400 மி.லி. தண்ணீரில், 95 டிகிரியில் 3 மணி நேரம், இரண்டு முறை. சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டி, துகள்களை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுங்கள். வடிதாள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். தெளிந்த நீரை 40 மி.லி.க்கு வற்றவையுங்கள். நுரை பொங்கும் என்பதால் குடுவையில் பாதிக்கு மேல் நிரப்பாமல், வெற்றிடத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

இப்போது 160 மி.லி. 95% எத்தனாலைக் கலக்கிக்கொண்டே சிறு தாரையாக விடுங்கள். மொத்தத்தில் ஆல்கஹால் 76% ஆகும். முதலில் பால் போலக் கலங்கும், பிறகு வெண்பழுப்புத் திரிகள் மிதக்கும். ஒரே மூச்சில் கொட்டினால் நிறமியையும் உப்பையும் உள்ளே சிறைபிடித்துக்கொண்டு பிசின் உருண்டையாகிவிடும். 4 டிகிரியில் ஓர் இரவு வைத்து, சுழற்றி, 80% எத்தனாலில் கழுவுங்கள். வீழ்படிவை ஓவனில் காயவைக்க வேண்டாம். கொம்பு போல இறுகிப்போனால் மறுபடி கரைவது கடினம். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மிச்ச ஆல்கஹாலை வற்றவைத்து, உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்துங்கள். ஆல்கஹால் மிச்சமிருந்தால் கரைசல் சரியாக உறையாது.

ஆல்கஹால் சாற்றில் உள்ள சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்க, அதைச் சிலிக்கா ஜெல் பூசிய தகட்டில், குளோரோஃபார்ம்–மெத்தனால் 95:5 கலவையில் ஓட்டலாம். ஓரிரு துளி ஃபார்மிக் அமிலம் சேர்க்காவிட்டால் புள்ளிகள் வால் நீட்டும்.

பாலிசாக்கரைடின் அளவைக் காண ஃபீனால்–கந்தக அமிலச் சோதனை: 1 மி.லி. கரைசல், 1 மி.லி. 5% ஃபீனால், 5 மி.லி. அடர் கந்தக அமிலம், 490 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அளவீடு. அமிலம் விழும்போது குழாய் கொதிக்கும் சூடாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழாயில் ஒட்டிய வடிதாள் நார்கூட அளவீட்டை ஏற்றிவிடும். இந்தச் சோதனைக்கு எல்லாச் சர்க்கரையும் ஒன்றுதான், மாவுச்சத்து உட்பட. தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழைத்தூளில் மாவுச்சத்து நிறையவே இருக்கும். ஒரு துளி அயோடின் விட்டுப் பாருங்கள்: நீலம் வந்தால் அந்த எண்ணைப் பீட்டா குளுக்கான் கணக்கில் எழுதாமல், நொதிமுறையில் தனியே அளந்துகொள்ளுங்கள்.