எல்லா வயிற்று வலியும் ‘கேஸ்’ இல்லை

வயிறு உப்பினால் கேஸ், நெஞ்சு எரிந்தால் கேஸ், முதுகில் பிடித்தால்கூட கேஸ். அப்புறம் என்ன, கைக்குக் கிடைத்த ஒரு மாத்திரை. பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம் என்பதால் இந்தப் பழக்கம் விடுவதில்லை.

தப்பிக்க முடியாத இடம் நெஞ்சுக்குழி. மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று வலியாகவே தொடங்கும். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்களிடம் இப்படி நடப்பது அதிகம். சாப்பிட்ட பிறகு, குனியும்போதோ படுக்கும்போதோ எரிச்சல் மேலேறி, புளித்த நீர் தொண்டைவரை வந்தால் அது எதுக்களிப்பாக இருக்கலாம். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுவது, நடந்தால் கூடுவது என்றால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது அமில மாத்திரை. ஒமெப்ரஸோல், பான்டோப்ரஸோல் போன்றவற்றை வயிறு முட்டச் சாப்பிட்டு, எரிச்சல் வந்த பிறகு விழுங்குகிறார்கள். உணவு உள்ளே போகும்போதுதான் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் வேகமெடுக்கும். மருந்து அதற்கு முன்பே ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்கிறார்கள். யாரிடமும் கேட்காமல் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பதும் தவறு: பி12, மெக்னீசியம் குறையலாம். நீண்ட நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால், அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் படுத்தும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கோ இப்யூபுரூஃபெனோ தினமும் போடுவார்கள். அது இரைப்பையை அரித்து எரிச்சல் தரும். அந்த எரிச்சலுக்குத் தனியாக ஒரு மாத்திரை. வயிற்றுக்காக டாக்டரிடம் போகும்போது மூட்டு வலி மாத்திரையைப் பற்றிச் சொல்வதே இல்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிந்தார்கள். 2005-ல் நோபல் பரிசும் வந்தது. இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளுமே அல்சரின் முக்கியக் காரணங்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும், காரத்தைக் குறைத்து மட்டும் பயனில்லை. இந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

மலத்தில் சிவப்பாக ரத்தம் கண்டால் ‘மூலம்தான்’ என்று முடிவு கட்டிவிடுவது பெரிய தவறு. பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றம் அடித்தால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது என்று பொருள் கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும்தான், ஆனால் தார்ப் பதம் இருக்காது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, கூடவே காய்ச்சல், வாந்தி என்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து, குடல்வால் வெடித்துவிடக்கூடும்.

தினமும் மலம் போகாவிட்டால் மலச்சிக்கல் என்பதும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். ஆனால் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இவற்றோடு வரும் மாற்றத்தை ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்) என்று நீங்களே பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

வயிற்றுப்போக்கில் ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாதி பிரித்து ஒரு டம்ளரில் கலக்குகிறார்கள். உப்பு அளவு தாறுமாறாகிவிடும். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது லோபரமைடு போட்டுப் போக்கை அடக்கவும் கூடாது. குழந்தைக்குக் கண் குழிந்து, அழுதும் கண்ணீர் வராமல், சிறுநீர் குறைந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.