கழற்றி மாற்றும் இறக்கைகளுடன் ஃபோம் விமானம்: வீட்டிலேயே செய்யும் முறை

நான் முதலில் செய்த ரேடியோ விமானத்தில் இறக்கையை உடற்பகுதியோடு சூட்டுப் பசையால் நிரந்தரமாக ஒட்டியிருந்தேன். கடலூரில் தேவனாம்பட்டினத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தரிசு நிலத்தில் இரண்டாம் முறை தரையிறக்கியபோது வலப்பக்க இறக்கையின் முனை வரப்பில் தட்டியது. இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நகர வழியில்லாததால் அடி முழுவதும் உடற்பகுதியில் இறங்கி, வாலின் அசையும் பகுதிகளை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோ பொருத்திய இடத்திலிருந்து வால் வரை பலகை கிழிந்துவிட்டது. அதன்பின் நான் செய்யும் விமானங்களில் இறக்கை, மோட்டார் பெட்டி, உடற்பகுதி ஆகிய மூன்றையும் தனித்தனியாகவே அமைக்கிறேன். இப்படிச் செய்தால் விபத்தில் ஒரு பாகம் மட்டும் சேதமடையும். அதே உடற்பகுதியில் இன்று பழகுவதற்கான இறக்கையையும், ஆறு மாதம் கழித்து வேகமான இறக்கையையும் பூட்டிக்கொள்ளலாம்.

பலகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். ஸ்டேஷனரிக் கடைகளில் கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட்டுக்கென்று விற்கும், இருபுறமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டுதான் நமக்கு வேண்டும். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்போர்டு பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தாலும், பி.வி.சி.யால் ஆனதால் பல மடங்கு கனமானது. ஐயம் இருந்தால் 10 செ.மீ. நீள அகலத்தில் ஒரு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 5 அல்லது 6 கிராமுக்குள் இருந்தால் வாங்கலாம். வெறும் தெர்மகோல் எடை குறைவுதான், ஆனால் கத்தி பட்ட இடமெல்லாம் உதிரும்.

பசையிலும் கவனம் வேண்டும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை ஒரு சொட்டு ஃபோமின் மேல் விட்டுப் பார்த்தால் காரணம் தானாகவே விளங்கும்: சொட்டு விழுந்த இடம் முதலில் பளபளக்கும், பிறகு மெல்ல உள்வாங்கி, கடைசியில் ஓரம் கெட்டியான ஒரு பள்ளமாக நின்றுவிடும். செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடும் மஞ்சள் நிறப் பசைகளில் உள்ள கரைப்பானும் ஃபோமைத் தின்றுவிடும். குறைந்த வெப்பத்தில் வைத்த சூட்டுப் பசை போதும். அதையும் அள்ளிப் பூசாமல் மெல்லிய கோடாக இட வேண்டும், ஏனெனில் பசையின் எடை பெரும்பாலும் வால் பக்கத்திலேயே சேர்ந்து பின்னால் தொல்லை தரும்.

அளவுகளுக்கு வருவோம். இறக்கையின் மொத்த நீளம் 1000 மி.மீ., அகலம் 200 மி.மீ.; உடற்பகுதியின் நீளம் 750 மி.மீ., அதில் மூக்கிலிருந்து இறக்கையின் முன்விளிம்பு வரை ஏறத்தாழ 200 மி.மீ. கிடைவால் 400 மி.மீ. நீளமும் 110 மி.மீ. அகலமும் கொண்டது, அதாவது இறக்கைப் பரப்பில் சுமார் 22 விழுக்காடு. செங்குத்து வாலுக்கு 10 விழுக்காடு போதும். பேட்டரி உட்பட மொத்த எடை 700 முதல் 750 கிராமுக்குள் நின்றால் இறக்கையின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 35 முதல் 37 கிராம் வரை சுமக்கும். புதிதாகப் பழகுபவரின் கை தடுமாறினாலும் விமானம் சட்டென்று விழாமல் இருக்க இந்தச் சுமை உதவும்.

இறக்கையின் மேற்புறத்தில் முன்பாதியை மட்டும் மூடும்படி 100 மி.மீ. அகலத்தில் இரண்டாவது பலகையை ஒட்டினால், நடுவில் ஒரு படி உண்டாகும். கிளைன்-ஃபோகில்மேன் வடிவம் எனப்படும் இந்த எளிய அமைப்பு, பலகையை வளைத்து முழு வடிவம் கொடுக்கும் சிரமமின்றியே நன்றாகத் தூக்கும். மேற்பலகையை ஒட்டுவதற்கு முன், முன்விளிம்பிலிருந்து 55 மி.மீ. தள்ளிக் கீழ்ப்பலகையில் ஒரு பள்ளம் வெட்டி 4 மி.மீ. கார்பன் குழாயைப் பதித்துவிடுங்கள். பழகுவதற்கான இறக்கையின் இரு பாதிகளும் நடுவில் மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும்: ஒரு பாதியைத் தரையோடு அழுத்திப் பிடித்தால் மறுமுனை 85 மி.மீ. உயர்ந்து நிற்பது சரியான அளவு. இந்த மடிப்பினால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாகவே நிமிரும். கார்பன் குழாய் இரண்டாகப் பிரியும் அந்த நடு இடத்தில், 3 மி.மீ. பிளைவுட்டில் அதே கோணத்துக்கு வெட்டிய துண்டைச் சேர்த்து ஒட்ட வேண்டும். பாரம் முழுவதும் வந்து சேரும் இடம் அது.

கிடைவாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும், செங்குத்து வாலில் திசை திருப்பும் ரடருக்கும் தனியாகக் கீல் தேவையில்லை. பலகையின் மேற்காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் வெட்டி, கீழ்க்காகிதத்தை விட்டுவைத்து, அசையும் பகுதியின் விளிம்பை 45 பாகைக்குச் சரித்துச் சீவினால் காகிதமே கீலாகும். ஆனால் நம் ஊரின் உப்புக்காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் வெறும் காகிதம் வெகுநாள் தாங்காது. கீலின் மேல் ஒரு நீளத் துண்டு டேப்பை ஒட்டி, வெட்டிய ஓரங்கள் அனைத்தையும் அதே டேப்பால் மூடுங்கள். ஈரம் நுழைவது அந்த ஓரங்களின் வழியாகத்தான். ஒருமுறை நுழைந்துவிட்டால் காகிதம் கொப்புளித்துப் பலகை முறுக்கிக்கொள்ளும்.

உடற்பகுதி ஒரு நீண்ட பெட்டிதான். அதன் மேல்விளிம்பில் இறக்கை உட்காரும் இடத்தின் முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வொரு மூங்கில் குச்சியைச் செருகி, இருபுறமும் 15 மி.மீ. வெளியே நீட்டி விடுங்கள். இறக்கையை வைத்து, ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பக்கத்துக்கு நான்கு மாட்டினால், பறக்கும்போது அசையாது. தரையில் மோதினால் மட்டும் நழுவிக்கொள்ளும். மோட்டார் பெட்டியும் அதே முறையில் முன்பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து ஒரு குச்சியால் பூட்டப்படும். 2212 அளவுள்ள 1000 கே.வி. (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி., 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் புரியும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட ப்ரொப்பெல்லர், மூன்று செல் 2200 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆகியவை இந்த எடைக்குத் தாராளம். மோட்டாரைத் தாங்கும் பலகையை 2 முதல் 3 பாகை கீழ்நோக்கியும் 2 பாகை வலப்புறமாகவும் சாய்த்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வேகம் கூட்டும்போதெல்லாம் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் இழுக்கும்.

இனி எடை மையம். விமானம் பறக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான் என்பதால் இதற்கு மட்டும் ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்கலாம். இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காடு, அதாவது 50 முதல் 60 மி.மீ. வரையிலான இடத்தில் இருபுறமும் அடியில் பேனாவால் கோடு போடுங்கள். பேட்டரி உள்ளிட்ட எல்லாவற்றையும் பொருத்திய பின், அந்தக் கோடுகளில் இரண்டு விரல் நுனிகளை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். பேட்டரி அறையைத் தேவையைவிட 60 மி.மீ. நீளமாக வைக்க வேண்டியது இதற்காகத்தான். வால் கனத்த விமானத்தை அனுபவசாலிகளாலும் காப்பாற்ற முடியாது.

ரிசீவரில் இணைக்கும்போது ரடர் சர்வோவை, எய்லிரானுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் மடல்) உரிய முதல் சேனலில் பொருத்துங்கள். அப்போது வலது கைக் குச்சியாலேயே திருப்பப் பழகுவீர்கள்; பின்னாளில் எய்லிரான் இறக்கைக்கு மாறும்போது கைப்பழக்கம் மாறாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைப்பதும், குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழுகிறதா என்று பார்ப்பதும் ப்ரொப்பெல்லரை மாட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எங்கே பறக்க விடுவது என்பதற்குச் சட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ கண்பார்வைக்குள் இயக்கப்படும் விமானங்களை மாதிரி விமானம் என்று வகைப்படுத்தி, அவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. ஆனால் விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ.க்குள் வான்கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை 60 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் புதுச்சேரி நண்பர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கடலூர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும், ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் திடல் அனுமதி தேவைப்படாத பச்சை நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். கடற்கரை மணலைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் மணல் மோட்டாரின் காந்தங்களுக்கு இடையே புகுந்துவிடும். சம்பா அறுவடை முடிந்து காய்ந்த வயல், மெத்தை போன்றது.

கடற்காற்று எழும்புவதற்கு முன், காலை 6 முதல் 8 மணிக்குள் போங்கள். முதலில் மோட்டாரை இயக்காமல், காற்றை எதிர்த்து மட்டமாகக் கையால் எறிந்து பாருங்கள். மூக்கைத் தூக்கித் தயங்கி விழுந்தால் பேட்டரி இன்னும் முன்னே போக வேண்டும். நேராக மண்ணைக் குத்தினால் சற்றுப் பின்னே வர வேண்டும். பதினைந்து இருபது அடி சீராக மிதந்து இறங்கினால், வேறொருவரை எறியச் சொல்லி, முக்கால் வேகத்தில் கிளப்பலாம். எறிபவர் மேல்நோக்கி எறிந்துவிடக் கூடாது. இரண்டு பனை உயரம் ஏறும்வரை திருப்ப வேண்டாம். நேரக் கணக்கை 7 நிமிடத்துக்கு வைத்தால் பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

நிதானமாகத் தரையிறக்கப் பழகியதும் இரண்டாவது இறக்கையைச் செய்யுங்கள். அதே நீளம், அதே அகலம், மடிப்பு மட்டும் இல்லை. பின்விளிம்பில் 45 மி.மீ. அகல எய்லிரான்களும் பக்கத்துக்கொரு 9 கிராம் சர்வோவும் சேரும். ரடர் நான்காம் சேனலுக்குப் போகும். டிரான்ஸ்மிட்டரில் ஒவ்வோர் இறக்கைக்கும் தனி மாடல் நினைவகம் வைத்து, மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு பேனாக் கோடுகளில் விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் இணைப்பு முனைகளில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சார்ஜ் செய்யும்போது 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல், மண் சட்டிக்குள் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.