மரங்கள் அடர்ந்த பாதையில் ஜியோகேச் தேடுவோருக்கு

ஜியோகேச் என்பது, ஜிபிஎஸ் கருவியின் துணையோடு பிறர் தேடிக் கண்டுபிடிப்பதற்காக ஒருவர் மறைத்து வைக்கும் பெட்டி. திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் தரும் ஜிபிஎஸ் கருவி, மரங்கள் அடர்ந்த பூங்காப் பாதையில், இலைக்கூட்டம் செயற்கைக்கோள் சமிக்ஞைகளை மங்கச் செய்வதாலும், அடிமரங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகள் கணக்கைக் குழப்புவதாலும், 10 மீட்டருக்கு மேலும் பிழையாகக் காட்டக்கூடும். ஆகவே, மறைத்து வைத்த பெட்டி ஏறத்தாழ அந்தத் தொலைவில் இருப்பதாகத் திரை காட்டியதும், அம்புக்குறியைத் துரத்துவதை விட்டுவிடுங்கள். கிளைகளுக்கிடையே வானம் தெரியும் இடத்தில் சற்று நேரம் நின்று, எண்கள் நிலைபெற்றதும் கருவி காட்டும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறொரு பக்கத்திலிருந்தும் அவ்வாறே செய்தால், இரு திசைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

அதன்பின் கண்களுக்குத்தான் வேலை. காற்று அடுக்கியிருக்க முடியாத வகையில் வரிசையாகக் கிடக்கும் குச்சிகள், பெரும்பாலும் பெட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். மரப்பொந்துக்குள் வெறுங்கையை நுழைக்காமல், முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். பெட்டிகளைப் பொதுவாகப் புதைத்து வைப்பதில்லை என்பதால், மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. அருகில் மரக்குடில் இருந்தால், அதன் படிகளுக்கடியில் துழாவுமுன் பெட்டிக்கென இணையத்தில் தரப்பட்டுள்ள விவரக் குறிப்பைப் படித்துவிடுங்கள். உள்ளே யாரேனும் தங்கியிருக்கலாம். கண்டுபிடித்தவர்கள் பெயரெழுதுவதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் பதிவுத்தாளில் எழுதப் பென்சிலே சிறந்தது, ஏனெனில் ஈரத்தாளில் பேனா பெரும்பாலும் எழுதாது.