அலங்கரித்த கெதுபாவை எப்படிப் பார்ப்பது?

கெதுபா என்பது யூதத் திருமண ஒப்பந்தம். அதன் படம் கிடைத்ததும் கண் போவது ஓரத்துப் பூவேலைக்குத்தான். அது கிடக்கட்டும், முதலில் நடுவிலுள்ள எழுத்துக்கு வாருங்கள். கணவன் இறந்தாலோ விவாகரத்து ஆனாலோ மனைவிக்கு என்ன சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. முதல் திருமணமென்றால் அடிப்படைத் தொகை 200 சூஸ் (பழங்கால வெள்ளி நாணயம்), விதவைக்கு 100. அதற்கு மேல் சீதனக் கணக்கு, மாப்பிள்ளை தன் பங்குக்குக் கூட்டித் தருவது எல்லாம் வரும்.

எழுத்து எபிரேயம், மொழி அதற்கு நெருங்கிய பழைய மொழியான அரமாயிக், வலமிருந்து இடமாக ஓடும். மேலே வாழ்த்து இருந்தால் அதைத் தாண்டிப் போனால் கிழமை, தேதி, ஆண்டு, ஊர் என்று வரிசையாக வரும். யூத ஆண்டில் 3760 கழித்தால் ஆங்கில ஆண்டு, ஆண்டுத் தொடக்கத்து இலையுதிர் மாதங்களுக்கு மட்டும் 3761. அடியில் சாட்சிகளின் கையெழுத்தைத் தேடுங்கள். இத்தாலியக் கெதுபாவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்திகள் இருந்தால் பெரும்பாலும் ஒன்று ஒப்பந்தம், மற்றது இரு வீட்டாரும் பேசி முடித்த நிபந்தனைகள்.

அப்புறம் மணமக்கள் பெயர். இதைப் படிக்காமல் படங்களுக்குப் போகாதீர்கள், ஏனென்றால் 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெயரைப் பார்த்துத்தான், அதே பெயருள்ள வேதாகம மாந்தரின் கதையிலிருந்து பல காட்சிகளை வரைந்தார்கள்: மணமகள் எஸ்தர் என்றால் அரசன் முன் நிற்கும் எஸ்தர், மணமகன் ஆபிரகாம் என்றால் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி. தூண்களும் வளைவும் வாசலைக் காட்டுகின்றன, புது வீட்டுக்கும் சரி, எருசலேம் ஆலயத்துக்கும் சரி. பன்னிரண்டு ராசிகள் நல்ல நேரத்துக்கு. உச்சியில் எருசலேம் நகரம் இருந்தால், மகிழ்ச்சியிலும் அதை மறக்கக் கூடாது என்ற வேதாகமத்தின் 137ஆம் சங்கீதத்தின் நினைவு. இறக்கை முளைத்த குண்டுக் குழந்தைகளுக்கு மட்டும் ஆழமான பொருள் தேட வேண்டாம், அது அக்கால இத்தாலிய ஃபேஷன்! குடும்பச் சின்னமும் தங்கப் பூச்சும் வசதியைக் காட்டத்தான். செலவு எல்லை மீறிப் போய், சில ஊர்களில் சமூகத் தலைவர்களே கட்டுப்பாடு விதித்தார்கள்.

ஈரானின் இஸ்ஃபஹானில் கதை வேறு: சிங்கமும் அதன் முதுகுக்குப் பின்னால் எழும் சூரியனும், அதாவது அந்நாட்டின் அன்றைய சின்னமே. ஜெர்மன் பக்கத்து யூதர்களிடம் அலங்காரம் அபூர்வம். ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரில் 1392 வாக்கில் எழுதிய, மணமகன் மோதிரம் நீட்டும் கெதுபா ஒரு விதிவிலக்கு.

இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் ஒரே ஊரின் நாலைந்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றிலும் வருவது அந்த ஊர் வழக்கம், ஒன்றில் மட்டும் இருப்பது அந்தக் குடும்பம் கேட்டு வரைய வைத்ததாக இருக்கலாம்.