கோவை வளர்ந்த தடத்தைத் தேடிப் பார்ப்பது எப்படி?

கோயம்புத்தூர் சிற்றூரிலிருந்து மாநகரான வரலாற்றைத் தொகுக்க விரும்புவோர், நொய்யல் கரையிலுள்ள பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் தொடங்கி, பிறகு கோனியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரியகடை வீதி ஆகியவற்றை நடந்தே பார்க்க வேண்டும். வண்டியில் சென்றால் பழைய வீடுகளின் திண்ணைகள் கண்ணில் படா.

ஆண்டுகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்: 1866-இல் நகராட்சி, 1888-இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை, 1981-இல் மாநகராட்சி. ஆனால், அதிக நேரம் செலவிட வேண்டியது 1930-களில்தான். நீலகிரியிலுள்ள பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த பின்னரே பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகமும் தோட்டங்களுக்கு மோட்டார் பம்புகளும் செய்யும் பட்டறைகள் அவற்றையொட்டி வளர்ந்தன. சிறுவாணிக் குடிநீர் வந்ததும் ஏறத்தாழ அக்காலமே.

எனவே பீளமேடு, சிங்காநல்லூர்ப் பகுதிகளில் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களிடம், ஆலைச் சங்கு ஊதும் நேரத்தைக் கேட்டே பேச்சைத் தொடங்கலாம். ஆண்டு மறந்தவர்களுக்கும் சங்கின் நேரம் நினைவிருக்கும்.

இறுதியாக, பழைய கிராம வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டு, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றின் கரைகளையும் வாய்க்கால்களையும் குறித்து, அவற்றைச் சுற்றியிருந்த வயல்கள் எந்தெந்தக் குடியிருப்புகளாயின என்று எழுதுங்கள்.